தாய்மாமன் ஏறாத விமானம்

தமிழ்மாறன் கெட்டவன் கிடையாது. இதை முதல்லயே சொல்லிப்புடணும். இல்லாட்டி மீதியைக் கேட்டுட்டு, அட பாவிப்பய, இப்பிடியும் ஒருத்தன் இருப்பானான்னு திட்டத் தோணும். திட்டலாம், தப்பில்ல. அவனே தெனமும் தன்னைத் திட்டிக்கிட்டுத்தான் இருக்கான்.

மதுரைக்குப் பக்கத்துல பரவைக்காரன். அப்பா மொக்கைச்சாமி ஊரான் வயல்ல கூலிக்குப் போனவரு, பெறகு பரவை மார்க்கெட்டுல காய்கறி மூட்டை தூக்குனவரு. எங்க போனாலும் அவரைக் கடைசியிலதான் நிக்கச் சொல்லுவாக. கூலி வாங்குற எடத்துல கடைசி, பந்தியில கடைசி, கோயில்ல துன்னூறு வாங்குற எடத்துலயும் கடைசி. "இருப்பா, மத்தவுக வாங்கிக்கிரட்டும்." இந்தப் பேச்சைக் கேட்டுக்கேட்டே மனுசனுக்கு ஆயுசு போயிருச்சு. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மகனுக்கு அது நெஞ்சுக்குள்ள முள்ளா ஏறிப்போச்சு.

மகன் படிச்சான். மதுரையிலயே கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை கிடைச்சுச்சு. நல்லாத்தான் வேலை பாத்தான். அந்தக் கம்பெனியே அவனை ஆஸ்திரேலியாவுக்கு, மெல்போர்னுக்கு மாத்துச்சு. அப்ப அப்பா இல்ல. வீட்டுல அம்மா தங்கப்பொண்ணும், காளவாசல்ல எலெக்ட்ரிக்கல் கடை வச்சிருந்த பாண்டிராஜுக்கு வாக்கப்பட்டுப் போன தங்கச்சி தமிழ்வாணியும்தான் அவனுக்குச் சொந்தம்.

மெல்போர்ன் மாத்தல் முடிவாகுறதுக்கு முன்னாடி கம்பெனி அவனை ஒரு வாரம் அங்க அனுப்பிப் பாத்துச்சு. அதுதான் மொத விமானப் பயணம். ஏறுற வாசல்ல நீளமா ஆளுக நிக்கிறாங்க. இவனும் நின்னான். பக்கத்துல செவப்புக் கம்பளம் போட்டு இன்னொரு வழி இருந்துச்சு. அதுல நாலஞ்சு பேரு சாவகாசமா வந்தாங்க, ஏதோ கார்டைக் காட்டுனாங்க, "வெல்கம் சார்"னு கும்பிடு வாங்கிக்கிட்டு மொத ஆளாப் போயி ஏறிட்டாங்க. நின்னவன் எல்லாம் நின்னபடியே. தமிழ்மாறனுக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுபோச்சு. விமானத்துலயும் ஒரு கடைசி இருக்கா, அங்கயும் நான்தானான்னு நெனச்சான்.

திரும்பி வந்ததும் வராததுமா சிநேகிதன் ஹரிஷ்குமாரைப் பிடிச்சான். ஹரிஷ் சௌராஷ்ட்ராக்காரப் பையன், கூடப் படிச்சவன். அவுக வீட்டுல பட்டுச்சேலை யாவாரம். இவன் மட்டும் அதை விட்டுட்டு பேங்க்குல கார்டு செக்சன்ல வேலை பாத்தான். இந்த விமானப் பாயிண்ட், ஓட்டல் பாயிண்ட் எல்லாம் அவனுக்கு அல்வா சாப்புடுற மாதிரி. காளவாசல் டீக்கடையில ரெண்டு பேரும் உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க. பேசுனாங்க, பேசுனாங்க, மூணு வாரமா சாயங்காலம் இதே பேச்சு. பொண்ணு பாக்குறதுக்குக் கூட அம்புட்டு யோசிச்சிருக்க மாட்டான்.

"மாப்ள, விமானக் கம்பெனிக எல்லாம் தனித்தனியா இல்லடா. எலெக்சன் மாதிரி கூட்டணி வச்சிருக்காங்க. ஒரு கம்பெனியில நீ மெம்பராச் சேந்தா, அந்தக் கூட்டணியில எவன் விமானத்துல ஏறுனாலும் ஒனக்குப் பாயிண்ட் ஏறும்" என்றான் ஹரிஷ்.

"பாயிண்ட்டை வச்சு என்ன செய்யுறது?"

"அதுல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு, சேத்து வச்சு டிக்கெட் வாங்குறது. இன்னொண்ணு, ஒனக்கு மரியாதை குடுக்குறது. வருசத்துக்கு இம்புட்டுன்னு பறந்தா வெள்ளிக் கார்டு. இன்னும் பறந்தா கோல்டு கார்டு. கோல்டு வந்துருச்சுன்னா நீதான் மாப்ள மொத ஆளு. மொதல்ல ஏறலாம், பெட்டி மொதல்ல வரும், லவுஞ்சுக்குள்ள போயி ஓசியில திங்கலாம்."

மரியாதை, மொத ஆளு. தமிழ்மாறனுக்கு இந்த ரெண்டு வார்த்தை போதும். டீ ஆறிப்போறதுகூடத் தெரியாம கேட்டுக்கிட்டு இருந்தான்.

ஹரிஷ் நல்லவன், எல்லாத்தையும் எடுத்துச் சொன்னான். "ஆனா ஒண்ணு. வருசம் முடிஞ்சா அந்த மரியாதைப் பாயிண்ட் சைபர் ஆயிரும். மறுபடி மொதல்ல இருந்து ஓடணும். அப்பறம் கொழும்பு வழியா மதுரைக்கே வந்து எறங்குற விமானம் இருக்கு. ஒனக்கு அதுதான் வசதி. ஆனா நான் சொல்ற கூட்டணியில அது கெடையாது. இந்தக் கூட்டணிக்காரன் மெட்ராஸ் வரைக்கும்தான் ஒழுங்கா வருவான். யோசிச்சுக்க."

என்னத்தை யோசிக்க? அவன் மனசு செவப்புக் கம்பளத்துல ஏறி உக்காந்துருச்சே. அம்மாகிட்ட ஒரு பேச்சுக்குக் கேட்டான். தங்கப்பொண்ணு கத்திரிக்காயை நறுக்கிக்கிட்டே, "மதுரைக்கு வர்ற பிளேன்ல ஏறி மதுரைக்கு வாய்யா. வேற என்னத்தச் சொல்ல?" என்றாள். "ஒனக்கு இதெல்லாம் புரியாதும்மா"ன்னுட்டு, பெரிய கூட்டணியில மெம்பராச் சேந்துட்டான்.

மெல்போர்ன் போனான். கம்பெனி வேலையா அங்கிட்டும் இங்கிட்டும் பறக்க வேண்டியிருந்துச்சு. ஊருக்கு வரும்போதும் வேணும்னே சுத்தி வந்தான். ரெண்டு எடத்துல எறங்கி ஏறுனா ரெண்டு பாயிண்ட் கூட ஏறும்ல. மெட்ராஸ்ல எறங்கி, கண்ணெல்லாம் செவந்து, பேயறைஞ்ச மாதிரி பரவைக்கு வந்து சேருவான். நேராக் கொழும்பு வழியா வந்தவன் குளிச்சு முழுகித் தூங்கி எந்திரிச்சிருப்பான். ஆனா மொத வருசம் முடியுறதுக்குள்ள கோல்டு கார்டு வந்துருச்சு.

கோல்டு வந்த பெறகு மொத தடவை ஏறும்போது வாசல்ல நின்ன பொண்ணு, "மிஸ்டர் தமிழ்மாறன், ப்ளீஸ்"னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. வரிசையில நின்ன அம்புட்டு சனமும் திரும்பிப் பாத்துச்சு. அவன் மொத ஆளா நடந்து போயி சீட்டுல உக்காந்தான். உக்காந்ததும் பொலபொலன்னு அழுதுட்டான். அப்பாவை நெனச்சுத்தான் அழுதான். அந்த அழுகையில பொய் கிடையாது. அதனாலதான் அவனை முழுசாத் திட்டவும் முடியல.

இதுக்கு நடுவுல தங்கச்சி தமிழ்வாணிக்குப் பொம்பளப் புள்ள பொறந்து வளந்துச்சு. பாண்டிராஜ் வீட்டுக் குலதெய்வம் முனியாண்டி. அதனால முனீஸ்வரின்னு பேரு வச்சாக. புள்ளைக்குக் காது குத்தணும். நம்ம பக்கத்துல காது குத்துன்னா எப்பிடின்னு தெரியும்ல. குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் ஆசாரி காதுல ஊசி வைப்பாரு. தாய்மாமன் கொட்டுமேளத்தோட சீர்த்தட்டு எடுத்துக்கிட்டு வருவான். அன்னைக்கு அவன்தான் ராசா. அவனுக்குத்தான் மொத மாலை, மொத மரியாதை. கூடப் பொறந்தவளுக்கு அன்னைக்குத்தான் புகுந்த வீட்டுல தலை நிமுரும்.

தமிழ்வாணிக்கு அது ரொம்பவே வேணும். பாண்டிராஜ் தங்கமான ஆளு, அவுக அம்மா அழகம்மாள்தான் குத்திக்குத்திப் பேசும். "ஒம் பொறந்த வீட்டுல நாதி இருக்கா? பள்ளிக்கூடம் போற வயசு வந்துருச்சு, இன்னும் புள்ள மூளிக்காதோட திரியுது." மாசி மாசம் சிவராத்திரிக்குத்தான் அந்தக் குடும்பம் கோயிலுக்குப் போகும். ஒரு மாசி, அண்ணனுக்கு லீவு கிடைக்கல. அடுத்த மாசி, விசா புதுப்பிக்கக் குடுத்திருந்தான், வர முடியல. ரெண்டு வருசமும் தமிழ்வாணி மாமியாகிட்ட மல்லுக்கட்டித் தள்ளிப்போட்டா. "எங்கண்ணன் மடியிலதான் எம்புள்ளைக்குக் காது குத்துவேன். இல்லாட்டிக் குத்தவே மாட்டேன்"னு ஒரே பிடியா நின்னா.

மூணாவது மாசிக்கு வாரேன்னு தமிழ்மாறன் சத்தியம் பண்ணிக் குடுத்தான். அந்த வருசம் சிவராத்திரி பிப்ரவரிக் கடைசியில வந்துச்சு. அவன் கோல்டு கார்டோட வருசமும் பிப்ரவரிக் கடைசியிலதான் முடியுது. பாயிண்ட் கொஞ்சம் கொறையுது. அவனுக்கு மூளை வேலை செஞ்ச விதத்தைப் பாருங்க. கொழும்பு வழியா வந்தா மொதநாளே மதுரையில எறங்கிரலாம், ஆனா கோல்டு போயிரும். கூட்டணி விமானத்துல ரெண்டு எடம் மாறி, மெட்ராஸ் வந்து, அங்க இருந்து மதுரைக்கும் கூட்டணி விமானத்துலயே வந்தா கணக்காப் பாயிண்ட் நெறையுது. காது குத்துற அன்னைக்குக் காலையில வந்து சேரலாம்.

ஹரிஷ் போன்ல தலைதலையா அடிச்சுக்கிட்டான். "டேய், நான் கார்டு வாங்கச் சொன்னேன். கார்டுக்காக வாழச் சொல்லலடா. ஒருநாள் முன்னாடி வந்து தொலையேன்."

"கணக்காத்தான்டா போட்டிருக்கேன். வந்துருவேன்."

மெட்ராஸ் வரைக்கும் எல்லாம் கணக்காத்தான் நடந்துச்சு. விடிஞ்சும் விடியாம எறங்கிட்டான். மதுரை விமானத்துக்கு நேரம் இருந்துச்சு. கோல்டு கார்டைக் காட்டி லவுஞ்சுக்குள்ள போனான். கண்ணாடிச் சுவரு வச்ச ரூமு. வெளிய ஆளுக பெட்டியை இழுத்துக்கிட்டு ஓடுறது தெரியும். உள்ள மெத்தை சோபா. மொகம் கழுவிக்கிட்டு, இட்லி, பொங்கல், காப்பின்னு தட்டை நெறைச்சுக்கிட்டு உக்காந்தான். கோயிலுக்குப் போனா பசியோட இருக்கணுமேன்னு நெனச்சான் போல.

அப்பத்தான் அறிவிப்பு வந்துச்சு. இவன் ஏற வேண்டிய விமானம் வந்து எறங்கும்போது எதுலயோ பறவை அடிச்சிருச்சாம். பாத்துட்டுத்தான் எடுப்பாங்களாம். தமிழ்மாறன் எந்திரிச்சுப் போயி அங்க இருந்த பொண்ணுகிட்டக் கேட்டான். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. "எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்ல முடியாது சார். அவசரம்னா, இப்ப வேற கம்பெனி விமானம் ஒண்ணு மதுரைக்குப் போகுது. சீட்டு இருக்கு. உடனே போனா ஏறிடலாம்"னு சொல்லுச்சு.

அவன் செல்போனை எடுத்துப் பாத்தான். அந்தக் கம்பெனி கூட்டணியில இல்ல. இந்தக் கடைசிப் பயணம் விட்டுப்போனா கோல்டு இல்ல. மறுபடி வெள்ளி, மறுபடி வரிசை. பறவைதான அடிச்சிருக்கு, அரைமணி நேரத்துல சரி பண்ணிருவாங்கன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டான். போயி அதே சோபாவுல உக்காந்தான். அட கூறுகெட்டவனே! எந்திரிச்சு ஓடியிருக்க வேணாமா? காலு இல்லையா ஒனக்கு?

தமிழ்வாணி போன் பண்ணா. பின்னால கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. "அண்ணே, எங்க இருக்க? நாங்க கோயிலுக்கு வந்துட்டோம்."

"மெட்ராஸ்லதாம்மா. விமானம் கொஞ்சம் லேட்டு."

"வேற பிளேன் ஏதும் இல்லையாண்ணே?"

"இல்லம்மா. இருந்தா ஏறமாட்டேனா? கொஞ்ச நேரம் இரு, வந்துருவேன்."

"சரிண்ணே. நீ வராம நான் புள்ளையை உக்கார வைக்க மாட்டேன். பதறாம வா."

போனை வச்சப்ப அவனுக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. கண்ணாடிக்கு வெளிய மதுரைக்குக் கடைசி அழைப்புன்னு விமானக்காரங்க கத்திக்கிட்டு ஓடுனாங்க. கொஞ்ச நேரத்துல அந்த விமானம் மேல ஏறிப்போனதும் கண்ணாடி வழியாத் தெரிஞ்சுச்சு. இவன் விமானம் கெளம்பும்போது வெயில் நல்லா ஏறிருச்சு.

மதுரையில எறங்குனா, கோல்டு சீட்டுக் கட்டுன அவன் பெட்டிதான் மொதல்ல வந்துச்சு. வந்து என்ன பிரயோசனம்? டாக்சிக்காரனை வெரட்டுனான். காளவாசல்ல லாரியும் பஸ்ஸும் பின்னிக்கிட்டு நிக்குது. "அண்ணே, எப்பிடியாவது போங்கண்ணே, தங்கச்சி புள்ளைக்குக் காது குத்துண்ணே"ன்னு கெஞ்சுறான். "நான் என்ன பறந்தா போறது தம்பி?"ன்னான் அந்த டிரைவர். தமிழ்வாணிக்குப் போன் பண்ணான். எடுக்கல. மறுபடி பண்ணான். எடுக்கல.

பரவை தாண்டி வயக்காட்டுக்குள்ள இருக்குது அந்த முனியாண்டி கோயில். டாக்சி நின்னதும் பெட்டியைக் கூட எடுக்காம ஓடுனான். கொட்டுக்காரங்க கொட்டை எறக்கி வச்சுட்டு வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாங்க. அதைப் பாத்ததுமே அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. புளியமரத்து நெழல்ல சமுக்காளத்துல முனீஸ்வரி உக்காந்திருந்துச்சு. தலையில சந்தனம், காதுல கம்மல், மடல் ரெண்டும் செவந்துபோயி, கண்ணுல அழுத ஈரம். ஆனா வாயில வெல்லம் போட்ட காப்பரிசி. உக்காந்திருந்தது முத்துப்பாண்டி மடியில.

முத்துப்பாண்டி தமிழ்மாறனோட சித்தப்பா மகன். லோடு ஆட்டோ ஓட்டுறவன். அன்னைக்கு அண்டா குண்டாவை ஏத்திக்கிட்டு வந்தவன், கடா வெட்டி அடுப்பு எரிச்சுக்கிட்டு இருந்தவன். இப்ப அவன் கழுத்துல மாலை. உடுத்தியிருந்தது பட்டுக்கரை வேட்டி, புதுச்சட்டை. அண்ணனுக்குன்னு தமிழ்வாணி கடை கடையா ஏறி எடுத்து வச்ச வேட்டி அது. செல்போன்ல படம் புடிச்சு, "இந்தக் கரை புடிச்சிருக்காண்ணே?"ன்னு அவ கேட்டுக்கூட இருந்தா.

முத்துப்பாண்டி இவனைப் பாத்ததும் பதறிப்போயி எந்திரிக்கப் போனான். "அண்ணே, நான் வேணாம்னுதாண்ணே சொன்னேன். ஆசாரி கெளம்புறேன்னுட்டாரு. புள்ள பசியில மயங்கிருச்சு. வேற வழியில்லாமத்தான்..."

"உக்காருடா, உக்காரு" என்றான் தமிழ்மாறன்.

தமிழ்வாணி வந்தா. அழுவா, சண்டை போடுவான்னு எதிர்பாத்தான். போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ மொகத்துல ஒண்ணுமே இல்ல. "வாங்கண்ணே. பந்தி ஓடிக்கிட்டு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். வா, போன்னு பேசுற தங்கச்சி வாங்கன்னு சொன்னா. விருந்தாளியைக் கூப்புடுற மாதிரி கூப்பிட்டா.

"வேற விமானமே இல்லம்மா. சத்தியமா" என்றான். அப்பவும் பொய்.

"சரிண்ணே" என்றாள்.

அழகம்மாள் பக்கத்துல நின்னு சேலை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. பாண்டிராஜோட தம்பி கருப்பு, மெட்ராஸ்ல வேலை பாக்குறவன், அன்னைக்குக் காலையிலதான் வந்திருந்தான். அவன் தமிழ்மாறனை ஒரு பார்வை பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். தங்கச்சி கல்யாணத்துல ஒருதடவை பாத்த மொகம். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு தமிழ்மாறனுக்கு அப்பத் தெரியல.

நடந்ததைத் தங்கப்பொண்ணுதான் மகனுக்குச் சொன்னா. வீட்டுக்கு வந்து, சோத்தை வச்சுட்டு, மொகத்தைப் பாக்காமச் சொன்னா. சிவராத்திரி சமயம், கோயில்ல காது குத்துக்கு வரிசையாக் குடும்பங்க காத்துக் கெடந்துச்சாம். தமிழ்வாணி முறைதான் மொதல்ல வந்துச்சாம். "எங்கண்ணன் வந்துக்கிட்டு இருக்காரு, நீங்க முன்னாடி போங்க"ன்னு அடுத்த குடும்பத்துக்கு விட்டுக்குடுத்தாளாம். அடுத்த முறையும் விட்டா. அதுக்கடுத்ததும் விட்டா. மாமியா கத்துச்சு, பூசாரி கோவிச்சுக்கிட்டாரு, மொட்டை போட்ட புள்ள வெயில்ல பசியில கத்துது. அப்பவும் விட்டுக்குடுத்தா. கடைசியில கோயில்லயே இவுக குடும்பம் ஒண்ணுதான் மிச்சம்.

"எல்லாருக்கும் பின்னால போயி நின்னாய்யா ஒந்தங்கச்சி, ஒனக்காக" என்றாள் தங்கப்பொண்ணு. "ஒங்கப்பன் நின்னானே, அப்பிடி நின்னா."

தமிழ்மாறன் சோத்தைத் தள்ளி வச்சான். கையைக் கழுவிட்டு எந்திரிச்சான். உலகத்துல அவனை மொத ஆளாக் கூப்பிட்டு மாலை போடக் காத்திருந்த எடம் அது ஒண்ணுதான். காசு குடுத்து வாங்க வேண்டியதில்ல, பறந்து பறந்து சேக்க வேண்டியதில்ல. கூடப் பொறந்ததுக்காகக் கெடைக்கிற மரியாதை. அதை விட்டுட்டு எவனோ குடுக்குற கார்டுக்காக உக்காந்திருந்தோமேன்னு மனசு அறுத்துச்சு. மறுநாளே செல்போன்ல வாழ்த்துச் செய்தி வந்துச்சு. இன்னும் ஒரு வருசத்துக்கு நீங்க கோல்டு மெம்பர்னு. அவன் அதைத் தெறந்தே பாக்கல.

அந்த வகையறாவுல ஒரு வழக்கம் இருக்கு. காது குத்துக்கு மடி குடுத்தவன்தான் அந்தப் புள்ளைக்கு மாமன் முறையில முன்னுக்கு நிக்கணும். பெரிய மனுசி ஆனா அவன்தான் பச்சை ஓலையில குடிசை மாதிரி குச்சு கட்டணும். கல்யாணத்துல அவன் கையாலதான் மொத மாலை. மடி மாத்துற பழக்கம் கிடையாது. முத்துப்பாண்டியும் சும்மா பேருக்கு இருக்கல. வாரம் தவறாமப் புள்ளையைப் பாக்க வந்தான். பள்ளிக்கூடத்துல விடுறதும் கூட்டிட்டு வாரதும் அவன் லோடு ஆட்டோதான். அவன் மேல கோவப்பட தமிழ்மாறனுக்கு ஒரு காரணமும் கெடைக்கல.

மெல்போர்ன் திரும்பிப் போயி, சேத்து வச்ச பாயிண்ட் அம்புட்டையும் கொட்டிக் குடும்பத்தோட வரச்சொல்லி தங்கச்சிக்கு டிக்கெட் போடுறேன்னான். "புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குண்ணே. ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள் தமிழ்வாணி. அந்த 'ஒங்களுக்கு' மாறவே இல்ல. ஹரிஷ்கிட்ட சொல்லி அழுதான். "இதுக்கு எங்கிட்ட எந்த ஸ்கீமும் இல்ல மாப்ள" என்றான் ஹரிஷ்.

மறுவருசம் பாண்டிராஜ் வண்டியூர்ல புதுவீடு கட்டிப் பால் காய்ச்சுனாரு. தமிழ்மாறன் இந்தத் தடவை கொழும்பு வழியா வந்தான். ஒரு பாயிண்ட் கூட ஏறாத டிக்கெட். ஒரு வாரம் முன்னாடியே வந்து நின்னான். வாழைமரம் கட்டுனான், சேர் தூக்கிப் போட்டான், கேஸ் சிலிண்டர் தூக்குனான். பொறந்த வீட்டுச் சீரை முத்துப்பாண்டி முன்னால எடுத்துக்கிட்டு வர, இவன் பின்னால ஒரு தட்டோட வந்தான். தமிழ்வாணி அவனுக்கு வேட்டி சட்டை எடுத்து வச்சிருந்தா. எல்லாருக்கும் எடுத்த மாதிரி ஒண்ணு.

மத்தியானம் பந்தியில முனீஸ்வரி தானா வந்து அவன் பக்கத்து எலையில உக்காந்துச்சு. அவனுக்குத் தாங்க முடியாத சந்தோசம். அப்பளத்தை நொறுக்கிப் போட்டான், பாயசத்தை ஆத்திக் குடுத்தான். தமிழ்வாணி சாம்பார் வாளியோட அந்த வரிசையில வந்துக்கிட்டு இருந்தா. கருப்பு எதிர்ப் பந்தியில உக்காந்திருந்தான்.

"ஆஸ்திரேலியா மாமா" என்றது புள்ள. "நீங்க ஏன் எனக்குக் காது குத்த வரல?"

பந்தியில நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. தமிழ்மாறன், "பிளேன் லேட்டாயிருச்சுடா தங்கம்" என்றான். "வேற பிளேனே இல்ல."

"இல்ல, இருந்துச்சு" என்றது முனீஸ்வரி. கோள் சொல்ற புள்ள இல்ல அது. தெரிஞ்சதைச் சொல்லுது. "கருப்பு சித்தப்பா அந்தப் பிளேன்லதான் வந்தாரு. ஏறப் போகையில உங்களைப் பாத்தாராம். நீங்க கண்ணாடி ரூம்ல உக்காந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களாம். கோயிலுக்கு வந்ததும் அம்மாகிட்டச் சொல்லிட்டாரு."

தமிழ்மாறனுக்குக் கை எலையிலயே நின்னுபோச்சு. கருப்பு கோயிலுக்கு வந்து சேந்தப்ப வரிசை பாதிகூட முடிஞ்சிருக்காது. அப்பவே அவளுக்குத் தெரியும். அண்ணன் பொய் சொல்லிட்டான்னு தெரிஞ்ச பெறகும், 'எங்கண்ணன் வந்துக்கிட்டு இருக்காரு, நீங்க முன்னாடி போங்க'ன்னு ஒவ்வொரு குடும்பமா அனுப்பியிருக்கா. கடைசிக் குடும்பம் போற வரைக்கும் நம்பி நின்னிருக்கா.

நிமிந்து தங்கச்சியைப் பாத்தான். அவ அவன் எலைக்கு முன்னால வந்து நின்னிருந்தா. அவனைப் பாக்கல.

"முனீசு, பேசாமச் சாப்பிடு" என்றாள் மகளைப் பாத்து. பெறகு வாளியில கரண்டியை விட்டு, "சாம்பார் ஊத்தவாண்ணே?"ன்னு கேட்டா.